பக்கத்து வீட்டு சோபாவில் என் கப்பல்

போன மாதம் என் வீட்டுக்காரரைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

யாரோடு என்று உடனே மனசு ஓடுகிறது, இல்லையா? பொறுங்கள். விஷயம் நீங்கள் நினைப்பதைவிட மோசம்.

மாலை ஆறே முக்கால் இருக்கும். அடுப்பில் ரசம். வீட்டில் கறிவேப்பிலை இல்லை. வேங்கிக்காலில் எங்கள் தெருவில் கறிவேப்பிலை மரம் இருப்பது பக்கத்து வீட்டில் மட்டும்தான். ஜீவேந்திரன் சார், பத்மா அக்கா... இரண்டு பேரும் ரிட்டயர் ஆனவர்கள். சமணக் குடும்பம், அதனால் தெருவுக்கே அவர் நயினார் சார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். ஊரே அடுப்படியில் நிற்கும் நேரத்தில் அந்த வீட்டில் மட்டும் காலை நீட்டி டிவி பார்ப்பார்கள். அதை நினைத்து எனக்கு எப்போதுமே லேசாக வயிறு எரியும்.

கேட்டில் கை வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு சத்தம். கப்பல் கிளம்பும் சத்தம்!

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பதினாலு வருஷமாக நான் பார்த்துவரும் ஒரு விண்வெளி சீரியல் இருக்கிறது. பெயரைச் சொன்னால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், கப்பல் என்றே வைத்துக்கொள்வோம். பதினோரு சீசன். பெண்கள் பள்ளியில் ஃபிசிக்ஸ் எடுக்கும் ஒருத்தி விடைத்தாள் கட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தன்னந்தனியாக உட்கார்ந்து பார்த்த பதினோரு சீசன். அந்த எஞ்சின் உறுமலை நான் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பேன்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். (தப்புதான். தெரியும்.) சோபாவில் ஒரு ஓரத்தில் சார், ஒரு ஓரத்தில் அக்கா. நடுவில் எங்கள் வீட்டுக்காரர்! 'வாக்கிங் போயிட்டு வர்றேன்' என்று சொல்லிவிட்டுப் போனவர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பொழுது சாய்ந்தபின் அந்த வீட்டில் ஒரு வாய் காபிகூடக் கிடைக்காது. இவரோ ஒரு மணி நேரம் காபி இல்லாவிட்டால் தலையைப் பிடித்துக்கொள்கிறவர். அப்படிப்பட்டவர், தொண்டை நனையாமல், முன்னால் குனிந்து, வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கறிவேப்பிலை கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

ஏழரைக்கு வந்தார். சட்டையில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

"நல்லா நடந்தீங்களா?"

"ஆமா வனஜா, இன்னைக்கு கொஞ்சம் ஜாஸ்தி."

பொய்யைப் பாருங்கள்! சாப்பிடும்போது வேறு, ரசத்தில் கறிவேப்பிலை இல்லையே என்றார். நான் வாயைத் திறந்திருந்தால் கரண்டி பேசியிருக்கும்.

சரி, அவர்கள் பார்ப்பதாவது நல்ல சீசனா? அதுதான் இல்லை! இந்தப் பன்னிரண்டாவது சீசன் வந்த இரண்டே நாளில் முழுசாகப் பார்த்து முடித்து, எங்கள் ரசிகர் வாட்ஸ்அப் குரூப்பில் நான்தான் முதலில் ஒப்பாரியை ஆரம்பித்தேன். மூன்றாவது சீசனில் கப்பல் திரும்ப வேண்டுமென்றால் எரிபொருள் வேண்டும். அதற்காக ஒரு எபிசோடு முழுக்கத் தவித்தார்கள். இப்போது ஆட்டோ திரும்புகிற மாதிரி நின்ற இடத்தில் திரும்புகிறது. பழைய கேப்டனுக்கு மொத்தமே ஆறு வசனம். ரோபோ கடி ஜோக் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் சீசனிலிருந்து இருக்கும் டாக்டர் யெல்வா... பச்சை முடி, சிரிக்காமலே கிண்டல் செய்கிற வாய், என் உயிர். அவளைக் கடைசி எபிசோடில் கொன்றுவிட்டார்கள். ஏன்? நம்மை அழவைக்கத்தான். நான் அழவில்லை. டிவியை அணைத்துவிட்டு மூன்று பக்கத்துக்குக் குரூப்பில் எழுதினேன்.

போதாததற்கு இந்த சீசன் தமிழில் வேறு வந்திருக்கிறது. 'இன்ஜினைக் கிளப்புங்கள் கமாண்டர்' என்கிறார் கேப்டன். பதினாலு வருஷம் நான் சப்டைட்டில் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு சம்பாதித்த கப்பலில், நேற்று வந்தவர்கள் காலை நீட்டிக்கொண்டு ஏறுகிறார்கள்!

ஆனால் வயிறு எரிந்தது அதற்காக இல்லை. ஒளித்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். பதினாலு வருஷமாக 'கொஞ்ச நேரம் கூட உக்காருங்களேன்' என்று இந்த மனிதரை எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்! 'எனக்கு அதெல்லாம் புரியாது' என்று செய்தித்தாளை விரிப்பார். இங்கே புரியாதது பக்கத்து வீட்டில் மட்டும் புரியுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் மலை சுற்றப் போனோம். பௌர்ணமிக் கூட்டத்துக்குப் பயந்து உள்ளூர்க்காரர்கள் பலர் செய்வதுதான், முன்னால் ஒரு நாள் பார்த்து விடிகாலையில் கிளம்பிவிடுவது. நாங்கள் அண்ணாமலையாருக்காக நடக்கிறோம். அவர்கள் சர்க்கரைக்காக நடக்கிறார்கள். பாதை ஒன்றுதான்.

ஆண்கள் இரண்டு பேரும் முன்னால். நானும் அக்காவும் பின்னால். அக்கா மகள் வீட்டுக் கதை சொல்கிறார். என் காது முன்னால் போய்விட்டது.

"அந்தக் கப்பலுக்கு ரெண்டு எஞ்சின் சார்," என்கிறார் எங்கள் வீட்டுக்காரர். "ஒண்ணு பழசு. அது நின்னாதான் புதுசு ஓடும்."

"அப்படியா! இது எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"எங்கியோ படிச்சேன் சார்."

எங்கியோவா? அது நான் சொன்னது! எட்டு வருஷத்துக்கு முன்னால், தோசை சுட்டுக்கொண்டே நான் சொன்னது. தலையைக்கூட ஆட்டாமல் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், அதை இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்து, நயினார் சாருக்கு எடுத்துக் கொடுக்கிறார்.

அடி அண்ணாமலைக்கு வந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. பொழுது புறப்பட்டால்தான் அவர்கள் வாயில் தண்ணீர் படும். அதனால் எப்போதும் அங்கே ஒரு டீக்கடையில் உட்காருவோம். டீ வந்தது. அக்கா டம்ளரை ஊதிக்கொண்டே சொன்னார்:

"எது எப்படியோ, அந்த டாக்டரம்மாவுக்கு மட்டும் ஒண்ணும் ஆவக்கூடாதுங்க. அவங்களப் பாத்தா எங்க பெரியக்காவப் பாக்கற மாதிரி இருக்குது."

"ஒண்ணும் ஆவாது அக்கா," என்றார் எங்கள் வீட்டுக்காரர். "நா கேரண்டி."

அந்தக் கேரண்டியில்தான் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"செத்துடுவாங்க," என்றேன். "கடைசி எபிசோடுல. வெடிச்சு. எலும்புகூட மிஞ்சாது."

அக்காவின் டம்ளர் பாதி வழியில் நின்றது. சார் "அய்யோ டீச்சர்..." என்று மட்டும் சொன்னார். டீக்கடைக்காரர் பதறிப்போய்த் திரும்பினார்.

"எந்த டாக்டரும்மா? நம்ம ஊரா? காலைலயே இன்னாம்மா இப்படி ஒரு சேதி சொல்றீங்க!"

மிச்ச தூரம் முழுக்க நாலு பேரும் நாலு திசையைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். எங்கள் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? உண்மையைச் சொல்கிறேன். முதல் கால் மணி நேரம், ஜெயித்த மாதிரி இருந்தது. அப்புறம் அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது.

திங்கட்கிழமை ஆறரை. இவர் எங்கேயும் போகவில்லை. ஹாலில் செய்தித்தாள். செவ்வாய், அதே செய்தித்தாள், அதே பக்கம். பக்கத்து வீட்டிலும் சத்தம் இல்லை.

நான் கேட்டது கிடைத்துவிட்டது இல்லையா? புருஷன் வீட்டில் இருக்கிறார். காபி கேட்கிறார், குடிக்கிறார், டம்ளரைக் கழுவி வைக்கிறார். வாயை மட்டும் திறப்பதில்லை. புதன்கிழமை என்னால் முடியவில்லை.

"என்கூட ஒரு நாள் உக்காந்து பாத்திருக்கீங்களா? பதினாலு வருஷத்துல ஒரு நாள்? அங்க மட்டும் எப்படிங்க போய் உக்காந்தீங்க?"

செய்தித்தாளை மடித்தார். நிதானமாக மடித்தார்.

"உக்காந்தேனே. மொத நாளு உக்காந்தேன். மறந்துட்டியா?"

"எப்போ?"

"மொத எபிசோடு முடிஞ்ச உடனே டிவிய நிறுத்திட்டு மூணு கேள்வி கேட்ட. அந்தக் கிரகத்து பேரு என்ன, கேப்டன் ஏன் பொய் சொன்னாரு, இன்னொண்ணு என்னமோ... ரெண்டு தப்பா சொல்லிட்டேன். 'கவனமாப் பாக்கல'ன்னு சொல்லி மறுபடி மொதல்லேருந்து போட்ட."

"அது... புரியணும்னுதான்..."

"மறுநாளு ஒரு நோட்டு குடுத்த. யார் யாருக்கு என்ன உறவு, எந்த கிரகத்துல என்ன பாஷைன்னு. இத படிச்சுட்டு வாங்கன்னு சொன்ன. நா கலெக்டர் ஆபீஸ்ல பகலெல்லாம் மேல இருக்கறவங்களுக்கு பதில் சொல்லிட்டு வர்றவன் வனஜா. வீட்டுக்கு வந்தா இங்கியும் வாய்மொழித் தேர்வு."

நோட்டு போட்டது நிஜம். அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, உள்ளே சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தேன்.

"அங்க யாருமே கேள்வி கேக்கறதில்ல," என்றார். "எனக்கும் தெரியாது, சாருக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவோம். அதான் நல்லா இருந்துச்சு. நீ வந்து அதையும்..."

மறுபடி செய்தித்தாளை விரித்தார்.

இருபது வருஷமாக டீச்சராக இருப்பவர்களுக்கு இந்த வியாதி உண்டு. எதையாவது ரசித்துவிட்டால் உடனே அதைப் பாடமாக்கிவிடுவோம். பாடமாக்கினால் கூட இருப்பவர்கள் மாணவர்கள் ஆகிவிடுவார்கள். மாணவர்கள் எங்கே போவார்கள்? மணி அடித்தால் வெளியேதான் ஓடுவார்கள்.

மறுநாள் ஆறரைக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். அக்கா கதவைத் திறந்து, "கறிவேப்பிலையா டீச்சர்?" என்றார். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இல்லக்கா... அன்னைக்கு நா அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பொறாமையில சொல்லிட்டேன்."

"பொறாமையா? எங்க மேலயா?" அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தப் பழைய சோபா மேலயா?"

"அதுல அவரு உக்காந்திருந்தாரே."

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இனிமே பாக்க வேணாம்னுதான் விட்டுட்டோம். அவங்க போயிடுவாங்கன்னு தெரிஞ்சப்பறம் அவங்க பேசறதையே கேக்க முடியல. ஆனா ஆறரை ஆனா கை பரபரங்குது டீச்சர். ஒண்ணு பண்ணுங்க. நீங்களும் வந்து உக்காருங்க. அந்தக் கட்டம் வர்றதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லிடுங்க, நா எழுந்து உள்ள போயிடறேன். வேற எதுவும் சொல்லக் கூடாது. சரிங்களா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

ரசத்தை நாலரைக்கே வைத்துவிட்டு நாலு நாள் போனேன். எனக்குப் பழைய பிரம்பு நாற்காலி. சோபா நிறைந்துவிட்டது. முதல் நாள் சார், வில்லனைப் பார்த்து, "இவருதான் கேப்டனோட தம்பி" என்றார். தம்பியாவது! ஏழாவது சீசனில் கேப்டனை விற்றவன்! எங்கள் வீட்டுக்காரர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். "ஆமாம் சார், ஜாடை இருக்குது," என்றார் அவர். ஜாடையாம்! கப்பல் நின்ற இடத்தில் திரும்பியது. ரோபோ கடித்தது. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த மட்டமான ஜோக்குக்குச் சிரிக்க எனக்கு வரவில்லையே என்று அதற்கும் பொறாமையாக இருந்தது.

நேற்றுக் கடைசி எபிசோடு.

டாக்டர் யெல்வா எஞ்சின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். வெளியே கேப்டன் கண்ணாடியைத் தட்டுகிறார். ஏற்கனவே பார்த்ததுதான். எந்த நிமிஷத்தில் வெடிக்கும் என்று தெரியும். தமிழில் அவள் சொன்னாள், "கதவைத் தட்டாதீர்கள் கேப்டன், நோயாளி தூங்க வேண்டும்." போன தடவை அதை ஆங்கிலத்தில் கேட்டு, மட்டமான வசனம் என்று குரூப்பில் எழுதியவள் நான். நேற்று அதே வசனத்துக்கு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். பக்கத்தில் மூன்று பேர் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நானும் விடவில்லை.

வெடித்தது.

"டீச்சர்," என்றார் அக்கா அழுகையோடு, "சொல்றேன்னீங்களே!"

"மறந்துட்டேன்க்கா," என்றேன். கண் மூக்கெல்லாம் ஒழுகுகிறது, முகம் கோணலாகிவிட்டது, பதினாலு வருஷத்துக்கும் சேர்த்து அழுகிறேன். எங்கள் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். கண்கள் நிறைய ஈரம். பாக்கெட்டில் கைவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். நானும் கையை நீட்டினேன்.

கொடுத்தார் — நயினார் சாருக்கு!