காலி ஜாகா

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் தெரு ஜெபக் கூட்டமான அன்பியத்தில் செயலாளர் ஒரு போட்டோவைக் காட்டினார். காட்டோரம் வெறும் மண், நடுவில் ஒரு பாறை.

"காலி ஜாகா, யாரும் இல்லாத எடம். கம்பெனிக்காரங்க கன்னு குடுக்கறாங்க, நாம போய் நடுறோம். வெயிலாவது குறையட்டும்."

இந்த வருஷ வெயில் எங்கள் மாடியைத் தோசைக்கல் ஆக்கியிருந்தது. மரம் நடுவது தேவ காரியம் என்று நானும் பெயர் கொடுத்தேன்.

எங்கள் கட்டடத்துப் படிக்கட்டைக் கழுவ வரும் பெண்ணிடம் மறுநாள் பெருமையாக அந்தப் போட்டோவைப் போனில் நீட்டினேன். மைசூருக்கு அப்பால் காட்டிலிருந்து வந்த ஆதிவாசி அவள். விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"அக்கா, இது எங்க ஹாடி, நாங்க குடியிருந்த எடம். காலி இல்ல, காலி பண்ணாங்க. அந்தப் பாறைகிட்டதான் எங்கம்மாவ மண்ணு பண்ணது."

கன்னடத்தில் புதைப்பதை அப்படித்தான் சொல்வார்கள். காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று வனத்துறைக்காரர்கள் குடிசைகளைப் பிரித்து, அவர்களை ரோட்டோரம் இறக்கி விட்டிருக்கிறார்கள். அவள் கேட்டது ஒன்றுதான்: "அங்க மட்டும் குழி தோண்டாதீங்கன்னு சொல்லுங்க அக்கா."

காரும் ஏசியும் புகையும் நம்முடையது. பரிகாரக் குழி மட்டும் அவள் அம்மாவின் மார்மேலா?

அடுத்த கூட்டத்தில் சொன்னேன்.

"அவங்ககிட்ட பட்டா இருக்கா சிஸ்டர்?" என்றார் செயலாளர்.

"உங்கப்பா கல்லறைக்கு உங்ககிட்ட பட்டா இருக்காண்ணா? கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி எடுத்துட்டுப் போறீங்களே."

"செத்தவங்களுக்கு நிழல்தானே குடுக்கறோம்."

சிரித்தார்கள். ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஃபாதரிடம் போனேன். "பஸ் சொல்லியாச்சும்மா," என்றார். அவ்வளவுதான்.

ஞாயிறு விடியற்காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன். அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

பாறையடியில் ஏற்கெனவே குழி வெட்டியிருந்தது. அவள் நேராகப் போய் அதன் ஓரத்தில் மண்ணில் கை வைத்து உட்கார்ந்தாள்.

"எழுந்திரும்மா, போட்டோ எடுக்கணும்," என்றார் கம்பெனி ஆள்.

நானும் உட்கார்ந்தேன். அவள் தாய்க்காக 'அருள் நிறைந்த மரியே' என்று மங்கள வார்த்தை ஜெபத்தைச் சத்தமாக ஆரம்பித்தேன். முன்பாதியை ஒருவர் சொன்னால் பின்பாதியைச் சொல்லாமல் இருக்க எங்கள் சனத்தின் வாய்க்குத் தெரியாது. கன்றைப் பிடித்தபடியே முனகினார்கள். செயலாளரும் தொப்பியைக் கழற்றினார். அவளுக்கு எங்கள் ஜெபம் தெரியாது. அவள் சாமி வேறு. கையால் மண்ணைத் தள்ளித் தள்ளிக் குழியை மூடிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு இடத்தில் யாரும் நடவில்லை. மற்ற குழிகளிலெல்லாம் நட்டார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், போட்டோவுக்குச் சிரித்தார்கள்.

சற்றுத் தள்ளி நட்டிருந்த ஒரு கன்றை அவள் காட்டினாள். "அதுக்குக் கீழ எங்க சித்தப்பா, அக்கா."

பஸ் ஹார்ன் அடித்தது. நான் அந்தக் கன்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஜெபமாலையின் முதல் மணியை மறுபடி பிடித்தேன். ஹார்ன் அடிக்கட்டும்.