எட்டணா அட்டை

கொதிக்கிற பாலை வலது கையால் கலக்கிக்கொண்டே இடது கையால் மேசை டிராயரைத் துழாவுவார் துரைக்கண்ணு. டீ இரண்டரை ரூபாய். மூன்று ரூபாய் கொடுத்தவருக்கு எட்டணா திருப்ப வேண்டும். ஊரில் எட்டணா கண்ணில் படுவதே இல்லை. பேருந்தில் நடத்துனர் பாக்கியைச் சீட்டின் பின்னால் எழுதித் தருகிறார். மளிகைக் கடையில் மிட்டாயை நீட்டுகிறார்கள். துரைக்கண்ணுவுக்கு மிட்டாய் என்றாலே கோபம். "சக்கர வியாதிக்காரன் கையில முட்டாய குட்த்தா, அது சில்லறையாபா?" என்பார்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் அட்டை. தறிமேல் ஜக்கார்டுப் பெட்டியில் ஓடும் துளைபோட்ட அட்டைகள், சேலையின் டிசைன் மாறியதும் குப்பைக்குப் போகும். அவற்றைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, எட்டணாவுக்கு ஒன்றாகக் கொடுத்தார். அடுத்த டீயில் கழித்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற எங்கள் பிள்ளையார்பாளையத்தில், எவனும் வெட்டிக்கொள்ளக்கூடிய அட்டையைத்தானா தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டேன். "நம்ம ஜனம்பா" என்று முடித்துவிட்டார். மனுஷருக்கு நம்பிக்கை கொஞ்சம் அதிகம்தான்.

அட்டை டீக்கடையோடு நிற்கவில்லை. பூக்காரி வாங்கினாள். சைக்கிள் கடையில் காற்றடிக்கக் கொடுத்தோம். திருப்புட்குழியிலிருந்து கீரை கொண்டுவருகிறவர்கூட மறுபேச்சில்லாமல் மடியில் முடிந்துகொண்டு போனார். மிட்டாய் தின்றே பல் கெட்டுப்போயிருந்த எனக்குத் துரைக்கண்ணுவின்மேல் உண்டான நன்றி கொஞ்சநஞ்சமல்ல.

போன மாதம் மாணிக்கவாசகம் என்ற அதிகாரி வந்தார். மிரட்டவில்லை. டீ குடித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். "உங்க கடைக்குள்ள டோக்கன் குடுங்க, தப்பில்ல. அது ஊரெல்லாம் காசு மாதிரி ஓடக்கூடாது. காசு அடிக்கிற உரிமை அரசாங்கத்துக்கு மட்டும்தான். வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் திரும்ப வாங்கிடுங்க. இல்லேன்னா கேஸ் போட்டே ஆகணும்." உடனே கடையை மூடச் சொல்லியிருக்கலாம், அவகாசம் கொடுத்தாரே, மகராசன்.

துரைக்கண்ணு பயந்தது கேஸுக்கல்ல. "ஒரு அட்டைக்கு காசு இல்லேன்னு சொல்லிட்டா, அப்புறம் எந்த மூஞ்ச வச்சிக்கினு டீ ஆத்துறது?" என்றார். சில்லறைக்கு எங்கே போவது? சின்ன காஞ்சிபுரத்து அர்ச்சகர் வரதராஜன், தட்டில் விழுந்த காசையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து கொடுத்து நோட்டாக மாற்றிக்கொண்டார். துரைக்கண்ணு அந்தப் பையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சொன்ன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதிகாரி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்குள் பூக்காரி, சைக்கிள் கடைக்காரர், கீரைக்காரர் எல்லாரும் அட்டையைக் கொடுத்துக் காசு வாங்கிப் போயிருந்தார்கள். பையின் அடி தெரிந்துவிட்டது. கடைசியாக வந்தவள் தேவகி. கூலிக்குப் பட்டுநூல் சுற்றுகிற பெண். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கை அட்டையை மேசைமேல் வைத்தாள்.

"கூலிக்கு பதிலா இதான் குட்த்தாங்கண்ணா. செல்லும்ல?"

நான் எட்டிப் பார்த்தேன். துரைக்கண்ணு தான் வெட்டுகிற அட்டைக்கெல்லாம் ஒரு மூலையைப் பாக்குவெட்டியால் கிள்ளிவிடுவார். அதுதான் அவர் முத்திரை. தேவகி வைத்த அட்டைகளில் நாலு மூலையும் முழுசாக இருந்தன. எவனோ வீட்டில் உட்கார்ந்து வெட்டி, இந்தப் பெண்ணின் தலையில் கட்டியிருக்கிறான். துரைக்கண்ணு அட்டையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா செல்லாது? என் பேர நம்பித்தான வாங்கிக்கினு வந்த. நான்தான் உன்ன கும்புடணும்" என்றார். பையிலிருந்த காசு போதவில்லை. அன்றைய வியாபாரப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார்.

"அந்த அட்டைங்களைக் காட்டுங்க" என்று, திரும்பி வந்த அட்டைகளின் கிள்ளிய மூலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி கையை நீட்டினார்.

"இதோ ஐயா" என்ற துரைக்கண்ணு, அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, பாக்குவெட்டியை எடுத்து ஒவ்வொரு அட்டையின் மூலையையும் கிள்ளினார்.