சமையலறைக்குள் போகும் சாலை

"ரோட்டை மறிச்சு வீடு கட்டிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறீங்களே?"

எங்கள் வாசலில் காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியை மட்டும் இறக்கி, முன்பின் தெரியாத ஒரு மனிதர் என் மாமியாரைக் கேட்ட கேள்வி இது. எதிரே சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது, கொடியில் துணி காய்கிறது. அவர் எதையும் பார்க்கவில்லை. ஸ்டியரிங் பக்கத்தில் வண்டியோடு சேர்த்தே பதித்திருந்த திரையைத்தான் பார்த்தார். அதில் ஒரு நீலக் கோடு எங்கள் தெருவுக்குள் நுழைந்து, எங்கள் முன்னறை வழியாகச் சமையலறைக்குப் போய், பின்னால் இருக்கும் கால்வாயைத் தாண்டிப் புறவழிச் சாலையில் சேர்ந்தது. காருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "நேராகச் செல்லவும், நேராகச் செல்லவும்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

அத்தை குனிந்து திரையைப் பார்த்தார். "உங்க வண்டி சொல்றபடி போனா என் அடுப்பு மேல ஏறணும். பால் கொதிக்குது, பாத்து ஏறுங்க."

அந்த ஆள் சிரிக்கவில்லை. புகார் கொடுக்கப்போவதாக மிரட்டிவிட்டு, வந்த வழியே பின்னால் நகர்த்தினார். நகர்த்தும்போது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பெயர்த்துவிட்டுத்தான் போனார். அதற்கும் எங்களைத்தான் முறைத்தார்.

அவர் முதல் ஆள் இல்லை, கடைசி ஆளும் இல்லை. காலையில் புறவழிச் சாலையில் நெரிசல் ஆரம்பித்ததும் அந்தப் பெண் குரல் குறுக்கு வழி தேடும். அது கண்டுபிடித்த ஒரே குறுக்கு வழி எங்கள் வீடு.

அத்தை பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு ரைட்டம்மா என்று பெயர். கூட்டத்தில் ஏறி இறங்கிக் கத்திக் கத்தியே குரல் கரகரத்துப்போன ஆள். நான் மருமகளாக வந்த அன்று கூச்சத்தோடு வாசலில் நின்றபோது, "வழியை மறிக்காதம்மா, உள்ள தள்ளிப் போ" என்றார். வரவேற்பே அவ்வளவுதான். பிற்பாடுதான் தெரிந்தது, அதைவிடப் பிரியமாக அவருக்குப் பேசத் தெரியாது என்று. சில்லறை இல்லாமல் ஏறியவனையும் குடித்துவிட்டு ஏறியவனையும் ஒரே பார்வையில் உட்காரவைத்தவர். யாருக்கும் பணிந்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. என்னிடமும் சொன்னதில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மாமா அதே பஸ்ஸின் டிரைவர். "காதல் கல்யாணமா அத்தை?" என்று ஒருமுறை கேட்டேன். "அவர் பிரேக் பிடிக்கிற விதம் பிடிச்சுது. நின்னுக்கிட்டிருக்கிற ஒரு ஆளும் தடுமாற மாட்டாங்க" என்றார். அந்த இரண்டு சம்பளத்தில் எழுந்ததுதான் இந்த வீடு. முதலில் முன்னறை, பிறகு சமையலறை, என் கணவர் வேலைக்குப் போன பிறகு மாடியில் எங்களுக்கு ஓர் அறை. மாமாவுக்கு இடது பக்கம் விழுந்துபோன பிறகு முன்னறையில் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டோம். வெளிச்சம் வரும், தெருவில் ஆள் நடமாட்டம் தெரியும் என்று. இப்போது அந்த ஜன்னலுக்குக் கையெட்டும் தூரத்தில் வந்து நின்று ஹாரன் அடிக்கிறார்கள். ஒவ்வொரு ஹாரனுக்கும் மாமா தூக்கிவாரிப்போட்டு விழிக்கிறார். அவருக்குச் சொல்ல வாய் வராது. நான்தான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவேன்.

என் கணவர் சாது. "போன்ல வழி காட்டுற படத்துல திருத்தச் சொல்லி எழுதிட்டேம்மா, திருத்திட்டாங்க" என்றார். உண்மைதான். போனைப் பார்த்து வருகிற ஒருவரும் இப்போது எங்கள் தெருவுக்குள் நுழைவதில்லை. ஆனால் இந்தக் கார்களில் இருக்கும் படம் தொழிற்சாலையிலேயே ஏற்றியது. வண்டிக்கு வயதானாலும் படத்துக்கு வயதாகாது. அந்த மாதிரி கார் எங்கள் ஊரில் சக்கைப்போடு போட்டு விற்றிருக்கிறது.

"அப்ப வித்தவனையே கேப்போம்" என்று அத்தை கிளம்பினார். நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனேன்.

கார் விற்கும் இடம் முழுக்கக் கண்ணாடி. குளிர் எலும்பில் ஏறியது. முன்மேசையில் இருந்த பெண் நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், பிறகு கேட்டாள்.

"உங்க வண்டி நம்பர் சொல்லுங்கம்மா."

"எனக்கு வண்டி இல்ல."

"அப்ப யார் வண்டிக்குப் புகார்?"

"எல்லா வண்டிக்கும்தான்."

அவள் மேனேஜரைக் கூப்பிட்டாள். மேனேஜர் பவ்யமாக வந்து நின்றார். "மேடம், எங்க சிஸ்டத்துல கஸ்டமர் புகார் மட்டும்தான் ஏத்த முடியும். நீங்க கஸ்டமர் இல்லையே."

"உங்க கஸ்டமர் அத்தனை பேரும் தினம் என் வீட்டுக்குத்தானே வர்றாங்க. உங்களைவிட எனக்குத்தான் அவங்களை நல்லாத் தெரியும்."

அவர் பொறுமையாக விளக்கினார். படத்தை அவர்கள் வரைவதில்லை, வேறொரு கம்பெனி வரைகிறது. அந்தக் கம்பெனி, எங்கள் பக்கம் மனை விற்றவர் அந்தக் காலத்தில் போட்ட வரைபடத்தைப் பார்த்து வரைந்திருக்கிறது. புறவழிச் சாலைக்கு நேர் வழி உண்டு என்று காட்டினால் மனை விலை போகும் என்று அந்தப் புண்ணியவான் பென்சிலால் இழுத்துவிட்ட கோடு அது. அப்படி ஒரு சாலையை யாரும் போடவில்லை. புதுப் படத்தில் கோட்டை எடுத்துவிட்டார்களாம். ஆனால் கார்க்காரர்களே வண்டியைக் கொண்டுவந்து புதுப் படத்தை ஏற்றிக்கொள்ள வேண்டுமாம்.

"வந்து ஏத்திக்கிறாங்களா?"

"பெரும்பாலும் இல்ல மேடம். வண்டி ஓடுதில்ல, போதும்னு விட்டுடறாங்க."

"அப்ப என் வீடு எப்ப ரோட்டுலேருந்து நகரும்?"

"இந்த வண்டிங்க எல்லாம் பழசாகிக் கழிஞ்சதும் தானா சரியாகிடும் மேடம்."

ஆறுதலாகத்தான் சொன்னார். கிளம்பும்போது கம்பெனி பெயர் போட்ட பேனா ஒன்றையும் கொடுத்தார். வெளியே வந்ததும் அத்தை அதை என் கையில் திணித்தார். "இதாவது நேரா எழுதுதான்னு பாரு."

சிரித்தோம். அதோடு சிரிப்பு முடிந்தது.

நகராட்சி அலுவலகத்தில் எங்கள்மேல் புகார்கள் சேர்ந்திருந்தன. சாலையை ஆக்கிரமித்து வீடு கட்டியதாக, முகம் தெரியாத ஆட்கள் எழுதிக் கொடுத்த புகார்கள். கூப்பிட்டு விசாரித்தார்கள். பத்திரம், வரி ரசீது எல்லாம் சுத்தமாக இருந்ததால் ஆக்கிரமிப்பு இல்லை என்று விட்டுவிட்டார்கள். அப்பாடா என்றிருந்தது. கொஞ்ச நாளில் இரண்டு பேர் வந்து எங்கள் தெருமுனையில் குறுக்காக ஒரு கறுப்பு ரப்பர் குழாயைப் பதித்து ஆணி அடித்தார்கள். அதன்மேல் சக்கரம் ஏறினால் பெட்டிக்குள் எண்ணிக்கை ஏறுமாம். எத்தனை வண்டி வழி தவறி வந்து அவதிப்படுகிறது என்று கண்டுபிடித்து, தெருமுனையில் அறிவிப்பு வைக்கப் போகிறார்கள் என்று நம்பினோம். அத்தை அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, குழாயை மிதித்து விளையாட வந்த பிள்ளைகளை விரட்டி, காவல் வேறு காத்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வந்தது அறிவிப்புப் பலகை இல்லை, தபால். எங்கள் தெருவில் இரு திசைகளிலும் போக்குவரத்து அதிகமாக இருப்பதாலும், புறவழிச் சாலைக்கு இணைப்பு தேவைப்படுவதாலும், வழியில் இருக்கும் கட்டடத்தை எடுத்துக்கொள்ள உத்தேசித்திருக்கிறார்கள். ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம்.

"இரு திசையா? முட்டுச்சந்துல ஏதும்மா இரு திசை?" என்றார் அத்தை. தபாலை மறுபடியும் படித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "வர்றப்ப ஒருதடவை மிதிக்கிறான், முட்டிக்கிட்டுத் திரும்பிப் போறப்ப இன்னொருதடவை மிதிக்கிறான். அதை ரெண்டு வண்டின்னு எண்ணிட்டாங்க."

கோபம் என்றால் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. இல்லாத சாலையைத் தேடி வந்து ஏமாந்தவர்களை எண்ணி, இத்தனை பேர் தேடுகிறார்கள், அதனால் சாலை வேண்டும் என்கிறார்கள். பொய்யை வரைந்தது ஒருவன், விற்றது ஒருவன், நம்பி வந்தது ஆயிரம் பேர். இடிபடப் போவது மட்டும் எங்கள் சுவர். மாமாவை அந்தக் கட்டிலிலிருந்து எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று என் கணவர் ராத்திரியெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஆட்சேபம் எழுதிக் கொடுத்தோம். இடத்தைப் பார்க்க இன்ஜினியர் வந்தார். அலுவலகக் காரில்தான் வந்தார். அதே ரகக் கார். "நேராகச் செல்லவும்" என்றது அது, அவர் இறங்கிக் கதவைச் சாத்துகிற வரைக்கும்.

கெட்டவர் என்று சொல்ல முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். மாமாவைப் பார்த்துத் தலையசைத்தார். கையில் இருந்த பலகை போன்ற கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே நடந்து சமையலறையில் அடுப்புக்கு முன்னால் நின்றார். "ரோட்டோட நடுக்கோடு சரியா இங்கதான் வருது."

அத்தை பின்கதவைத் திறந்தார். இரண்டு எட்டு வைத்தால் கால்வாய். பனை உயரப் பள்ளம், செங்குத்தான கரை, அடியில் கறுப்புத் தண்ணீர்.

"இதை எப்படித் தாண்டும் உங்க ரோடு?"

"பாலம் வரும்மா. அது ரெண்டாம் கட்டம். அதுக்கு இன்னும் நிதி ஒதுக்கல."

"வீட்டை இடிக்கிறது?"

"அது முதல் கட்டம்."

"அப்ப முதல் கட்டம் முடிஞ்சதும் வர்ற வண்டியெல்லாம் நேரா இதுக்குள்ளதானே விழும்?"

"எப்படிம்மா விழ விடுவோம்? பாலம் வர்ற வரைக்கும் ஒரு தடுப்புச் சுவர் கட்டிடுவோம்."

"எங்க கட்டுவீங்க? காட்டுங்க."

அவர் கால்வாய் ஓரத்தைப் பார்த்தார், சரிப்படாது என்று உதட்டைப் பிதுக்கினார். வண்டி நிற்க இடம் வேண்டும், கரை இடியாமல் இருக்க இடம் விட வேண்டும். முணுமுணுத்தபடியே பின்னால் நடந்தார். சமையலறையைக் கடந்தார், முன்னறையைக் கடந்தார், வாசலுக்கு வந்து தெருவில் இறங்கினார். திரும்பி நின்று, மாமாவின் ஜன்னல் இருக்கும் எங்கள் முன்சுவரை உள்ளங்கையால் தட்டினார்.

"இங்க கட்டினா சரியா இருக்கும்."

சொன்ன பிறகுதான் எதைத் தட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. கார் டிரைவர்தான் முதலில் சிரித்தான். இன்ஜினியர் காதெல்லாம் சிவந்து, கம்ப்யூட்டரை மூடி வைத்தார். "நான் பாக்கறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பார்க்கத்தான் செய்தார். அடுத்த தபால் வந்தபோது என் கணவர் வாசலிலிருந்தே, "ஜெயிச்சுட்டோம்மா" என்று கத்திக்கொண்டு வந்தார். பாலத்துக்கு நிதி வரும் வரை வேலை நிறுத்திவைப்பு. அதுவரை, அந்த இடத்தில் தற்போது உள்ள தற்காலிகத் தடுப்பு அப்படியே நீடிக்கலாம்.

அத்தை அதை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். "இதுல வீடுன்னு எங்க போட்டிருக்கு?"

போடவில்லை. அத்தை என்னை இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். இன்ஜினியர் எங்களை உட்காரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"வீடுன்னு எழுதினா எடுத்தே ஆகணும்மா. ரோட்டு வழியில வீடு இருக்கக் கூடாது. தடுப்பு இருக்கலாம். என்னால முடிஞ்சது இதுதான். இனிமே யார் கேட்டாலும் நீங்களும் பெரிசு பண்ணாதீங்க. இன்னும் நாலு புகார் வந்து ஃபைல் மேல போச்சுன்னா என் கையில இல்ல."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதாவது கேட்பார் என்று நான் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"சரிங்க" என்றார்.

சுவரில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட தகரம் ஒன்றை வந்து அடித்துவிட்டுப் போனார்கள், ஜன்னலுக்குக் கீழே. இப்போது கார்கள் கொஞ்சம் தள்ளியே நின்றுவிடுகின்றன. இத்தனை நாள் சுவரைக் கண்டும் நம்பாதவர்கள், தகரத்தைப் பார்த்ததும் நம்புகிறார்கள். யாரும் சண்டைக்கு வருவதில்லை. இது நல்லதுதானே என்கிறார் என் கணவர். எனக்கு அந்தத் தகரத்தைப் பிய்த்து எறிய வேண்டும்போல இருக்கிறது.

போன வாரம் ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்த பெண் இறங்கி, தகரத்தைப் பார்த்து, வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த அத்தையிடம் மரியாதையாகக் கேட்டாள்.

"இந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் என்னங்க இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. கால்வாய்தான். திரும்பிப் போயிடு" என்றார் அத்தை.

நான் அப்போது உள்ளே மாமாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்.