முதல் பக்கத்துக் காண்டாமிருகம்

அன்றைக்கு அந்த ஸ்டுடியோவுக்குள் இருந்தது மொத்தம் ஐந்து பேர். நான், என் மனைவி, என் மகள், ஸ்டுடியோக்காரர், பாஸ்புக்குக்குப் போட்டோ எடுத்துவிட்டு பிரிண்டுக்காக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். ஆறாவதாக யாரும் இல்லை. வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது, அது சாட்சிக்கு ஆகாது. இவ்வளவு கணக்காகச் சொல்லக் காரணம், அன்று என்ன பேசி முடித்தோம் என்பதில் இன்று ஐந்து பேருக்கும் ஐந்து ஞாபகம் இருக்கிறது.

நாங்கள் போனது ஸ்டாம்ப் ஒட்டுவதற்கு ஒரு ஆல்பம் வாங்க.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மாரண்டஹள்ளி காய்கறி மண்டியில் எடை போடுகிற வேலை பார்த்து, பிறகு சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ வாங்கினேன். தக்காளி ஏற்றுகிறவனுக்கு ஸ்டாம்ப் எதற்கு என்று கேட்கலாம். அது கோயிலால் வந்த பழக்கம். எங்கள் பங்குச்சாமியார் பங்களாவுக்கு அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து கடிதங்கள் நிறைய வரும். கன்னியாஸ்திரிகள் கவரில் ஸ்டாம்பைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டு வெட்டி, விற்று மிஷனுக்குப் பணம் அனுப்புவதற்காக டப்பாவில் போட்டு வைப்பார்கள். வாங்குவதற்கு ஆள் இல்லாமல் போய் அந்த வழக்கம் நின்றபோது டப்பாக்களைக் குப்பையில் போடப் போனார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகும் எங்கே கவர் கிடந்தாலும் குனிந்துவிடுவேன். மூன்று பிஸ்கட் டப்பா நிறைய இருக்கிறது. எத்தனை என்று எண்ணியதில்லை. எண்ணிவிட்டால் அடுத்த தடவை எண்ணும்போது குறைந்திருக்குமோ என்று பயம்.

கரப்பான், ஈரம், மழைச்சாரல், மனைவியின் கோபம் என்று எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றி அவை பாட்டுக்கு பீரோ மேல் இருந்தன. அவற்றை இறக்க வேண்டி வந்தது மகளால்.

அவள் ஓசூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள். அதே கம்பெனியில் ஒரு பையன். நம்ம ஜனம், நம்ம வேதம், அதனால் நாங்கள் மறுக்க இடமில்லை. மறுக்கிற இடத்தில் இருந்தவர்கள் அவர்கள்தான். பையனின் அப்பா கம்பைநல்லூர்ப் பக்கம், போஸ்ட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வீடு பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அன்று பிடித்துப்போனால் மூன்று வாரம் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை படித்து, கல்யாணம் வைக்காத தவக்காலத்துக்கு முன்னால் கல்யாணத்தை முடித்துவிடலாம். பிடிக்காவிட்டால் இல்லை. என் மகள் அந்த வாரம் முழுக்க ஒரு வேளைகூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை என்னிடம் வந்து நின்றாள்.

"அப்பா, அவங்க வூட்ல நீங்க ஸ்டாம்ப் சேக்கறவருன்னு சொல்லிட்டேன். அவரு வந்தா ஆல்பத்தைப் பாக்கணும்னு சொன்னாராம்."

"எதுக்கு கண்ணு அதையெல்லாம் சொன்ன?"

"அப்பா என்ன படிச்சிருக்காருன்னு கேட்டாங்க. வேற என்னத்த சொல்றது?"

ஒருவர் ஆயுசு முழுக்க ஸ்டாம்ப் விற்றவர். அவர் முன்னால் மூன்று பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினால் என்ன நினைப்பார்? எட்டாவது என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு உட்காரலாம், அதுவே மேல்.

மகள் போனில் ஒரு ஆல்பம் காட்டினாள். கறுப்புப் பக்கம், அதில் வரிசையாகக் கண்ணாடிப் பட்டைகள், பட்டைக்குள் ஸ்டாம்பைச் செருகிவிட்டால் போதும். ஸ்டாம்புக்கென்றே செய்தது. ஆர்டர் போட்டால் எங்கள் பின்கோடுக்கு வருவது அடுத்த செவ்வாய். பையன் வீட்டார் வருவது ஞாயிறு.

புதன்கிழமை மூன்று பேரும் கடை கடையாக ஏறினோம். ஸ்டாம்ப் ஆல்பம் என்று கேட்டதும் ஒரு கடைக்காரர் பத்திரத்தாள் விற்கிற இடத்தைக் கைகாட்டினார். இன்னொருவர் பிள்ளைகள் படம் ஒட்டுகிற நோட்டை எடுத்துப் போட்டார். என் மனைவிக்கு அது பிடித்தது.

"நாப்பது ரூபா. சோத்த கொழைச்சு ஒட்டுனா நிக்காதா?"

"சோத்துப் பசைக்குப் பூச்சி வரும்."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள எந்தப் பூச்சிங்க வரும்?"

மகள் சர்டிபிகேட் வைக்கிற பிளாஸ்டிக் உறை ஃபைலை எடுத்தாள். உறைக்குள் நாலு ஸ்டாம்பைப் போட்டுப் பார்த்தோம். நாலும் சரிந்து அடியில் ஒரு மூலையில் போய் ஒண்டிக்கொண்டன. அதைவிட எனக்கு வேறு கவலை. சர்டிபிகேட் ஃபைலைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தால், உள்ளே வைக்கச் சர்டிபிகேட் இல்லாத ஆள் என்றுதானே தோன்றும்? சொன்னேன். மகள் ஃபைலைத் திரும்ப வைத்துவிட்டாள்.

கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோ. அங்கே கண்ணாடி அலமாரியில் அது இருந்தது. கருஞ்சிவப்பு ரெக்சின் அட்டை, ஓரத்தில் தங்கக் கோடு, தூக்கினால் ஒரு பைபிள் கனம். ஒவ்வொரு பக்கமும் பசை தடவியது. மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும், அதைத் தூக்கி, படத்தை வைத்து, திரும்ப மூடி அழுத்தினால் ஆயிற்று. கல்யாண ஆல்பம்தான். முதல் பக்கத்தில் மட்டும் இரண்டு இருதய வடிவ ஜன்னல்கள், இடது பக்கம் பெண்ணுக்கு, வலது பக்கம் மாப்பிள்ளைக்கு.

"இப்பல்லாம் எல்லாம் கம்ப்யூட்டர் ஆல்பம்ங்கண்ணா. இது பழைய ஸ்டாக்கு. ஆயிரத்தி நூறு" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"ஆயிரத்தி நூறா? அந்தக் காசுக்கு ஒரு கல்யாணத்தையே பண்ணலாமே" என்றாள் என் மனைவி.

அவர் காதைத் தீட்டிக்கொண்டார். "யாருக்குங்கக்கா கல்யாணம்?"

அவள் வாய் நிற்குமா? ஞாயிற்றுக்கிழமை, போஸ்ட்மாஸ்டர், ஓலை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ஸ்டுடியோக்காரர் ஆல்பத்தைத் துணியால் ஒரு தடவை துடைத்தார்.

"அப்பறம் என்னங்கண்ணா. எரநூத்தம்பது குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க. மீதிய கல்யாணத்துல பாத்துக்கலாம்."

"முடிவாகலைன்னா?" என்றேன் நான்.

"என்னங்கண்ணா, நல்ல காரியம் பேசறப்ப" என்றார் அவர். "ஏங்க, உங்க வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?" என்றாள் மனைவி. பாஸ்புக்குக்குக் காத்திருந்த பெரியவர் கன்னடமும் தமிழுமாகப் பேசுகிறவர். "ஆயித்து, ஆயித்து, எடுத்துட்டுப் போங்க சாமி, எனக்கு நேரமாவுது" என்றார். எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

மூன்று ராத்திரி ஒட்டினோம். பெரிய ஸ்டாம்ப் மேலே, சின்னது கீழே. ஒரே டிராக்டர் போட்ட ஸ்டாம்ப் மட்டும் என்னிடம் நூற்றுக்கு மேல் இருக்கிறது. அவற்றைக் கடைசிப் பக்கங்களில் வரிசையாக ஒட்டியபோது ஏதோ விவசாயக் கண்காட்சி மாதிரி இருந்தது. முதல் பக்கத்தில்தான் சிக்கல்.

"அத காலியா வுட்ருங்க" என்றாள் மனைவி.

எப்படி விடுவது? மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில், மாப்பிள்ளை இடம் காலியாக இருக்கிற ஆல்பத்தை நானே அவர் கையில் கொடுப்பதா? இருக்கிறதிலேயே பெரிய ஸ்டாம்ப் இரண்டைத் தேடினேன். ஒன்று, கழுத்து நீண்ட ஒரு வெளிநாட்டுக் கொக்கு. இன்னொன்று, டப்பாவிலேயே பழையது, நம் நாட்டுக் காண்டாமிருகம். உள்ளங்கை அகல இருதயத்தின் நடுவில் விரல்நுனி அளவுக்கு அவை ஒட்டிக்கொண்டு நின்றன. பார்க்க ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. ராத்திரியில் எதுவும் தப்பாகத் தெரியாது.

ஞாயிறு வந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா. காபி கொடுத்தோம். நான் எட்டாவதைப் பற்றிக் கேட்டால் சொல்ல மூன்று பதில்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டது ஆல்பத்தைத்தான்.

மடியில் வைத்துத் திறந்தார். அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

"பொண்ணு கொக்கு மாதிரி ஒல்லியாத்தான் இருக்குது, சரிங்க. எங்க பையனுக்கு மட்டும் எதுக்குங்க காண்டாமிருகம்?"

என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பையன் சிரிப்பை அடக்கப் பார்த்துக் காபியில் புரையேறினான். "பெருசா இருக்கட்டும்னுதாங்க வெச்சேன்" என்று உளறினேன்.

அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டு, காண்டாமிருகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல சீல் எங்கீங்க?"

"சீலுங்களா?"

"கவர்ல வந்த ஸ்டாம்புதானே? பாருங்க, மேல ஒரு கோடு மசி இல்ல. சீல் குத்தாம அனுப்பியிருக்கான். எவனோ வேலைய ஒழுங்கா செய்யல. இத பிரிச்சு எடுத்து இன்னொரு கவர்ல ஒட்டுனா என்னாவுங்க? டிபார்ட்மெண்டுக்கு நஷ்டம்."

"நான் ஒட்டலீங்க. ஆல்பத்துலதாங்க ஒட்டுனேன்" என்றேன். நிஜமாகவே கைதாகப் போகிறேன் என்று நினைத்தேன்.

"எந்த ஆபீசுன்னு பாக்கணும். பின்னாடி கவர் பேப்பர் இருக்குதுங்களா?" பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, நகத்தை ஸ்டாம்பின் ஓரத்தில் கொடுத்தார். "பசைங்க, வேணாங்க" என்று நான் சொல்வதற்குள் இழுத்துவிட்டார். காண்டாமிருகத்தின் பின்பாதி அவர் விரலில் வந்தது. கொம்பும் தலையும் இருதயத்திலேயே தங்கிவிட்டன.

நாற்பது வருசமாகக் கரப்பானுக்கும் மழைக்கும் கொடுக்காமல் காப்பாற்றிய ஸ்டாம்ப். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, பெண்ணைப் பெற்றவன் அந்த இடத்தில் அழக் கூடாது என்பதால் சிரித்தேன். போஸ்ட்மாஸ்டருக்கு முகம் வெளுத்துப்போய்விட்டது. விரலில் இருந்த பாதியை என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. அவர் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, "அவரே சொல்லிட்டாரு, அப்பறம் நாம என்னத்த பேசறது" என்றார். என் மகள் எழுந்து உள்ளறைக்குப் போனாள், அங்கே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. படிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மனப்பாடம் செய்த மூன்று பதில்களும் அப்படியே இருக்கின்றன.

கிளம்பும்போது சம்பந்தியம்மா பெரிய மனசோடு ஒன்று சொன்னார்.

"போட்டோ, வீடியோ செலவெல்லாம் நீங்க பாக்க வேணாங்க. எங்க அக்கா பையன் பெரிய கேமராவே வெச்சிருக்கான். அவனே எல்லாம் எடுத்துருவான்."

என் மனைவிக்கு வாயெல்லாம் பல். எனக்கு மட்டும் கருஞ்சிவப்பு ரெக்சின் கண்முன்னால் வந்து நின்றது.

செவ்வாய்க்கிழமை ஸ்டுடியோக்காரர் என் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். விசயம் அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. சந்தோசமாகத் தேதி கேட்டார். நான் சம்பந்தியம்மாவின் அக்கா பையனைப் பற்றிச் சொன்னேன். சந்தோசம் போய்விட்டது.

"அப்ப மீதிய குடுத்துருங்கண்ணா. கல்யாண போட்டோ ஆர்டர் எனக்குக் குடுத்தா கழிச்சுக்கலாம்னுதானே பேசுனோம்."

வீட்டில் சொன்னால் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "கல்யாணத்துல பாத்துக்கலாம்னாரு. கல்யாணம் முடிவாயிடுச்சி. அப்பறம் எதுக்குங்க காசு?" மகளைக் கேட்டால், ஆர்டரைப் பற்றிப் பேச்சே வரவில்லை, கல்யாணம் முடிந்ததும் மீதியைக் கொடுக்க வேண்டும், அதுவரைக்கும் அவர் கேட்கக் கூடாது என்கிறாள். பாஸ்புக்குப் பெரியவரைச் சந்தையில் பிடித்துக் கேட்டேன். அவருக்கு ஞாபகம் இருப்பது ஒன்றுதான்: போட்டோவில் அவர் கண் மூடியிருந்தது, அதற்கும் காசு வாங்கிக்கொண்டார்கள். எனக்கு இவர்கள் சொல்கிற எல்லாமே சொன்ன மாதிரித்தான் இருக்கிறது, அதனால் யாரோடும் வாதாட முடியவில்லை. கொடுத்துத் தொலைத்துவிடலாம். கொடுத்தால் மனைவி முகத்தில் முழிக்க முடியாது.

அதே செவ்வாய் சாயங்காலம் கூரியர்காரர் ஒரு பார்சல் கொடுத்துவிட்டுப் போனார். மகள் போனில் காட்டிய அன்றைக்கே எனக்குச் சொல்லாமல் ஆர்டர் போட்டிருக்கிறாள். கறுப்புப் பக்கம், கண்ணாடிப் பட்டை, ஸ்டாம்புக்கென்றே செய்த ஆல்பம். அழகாக இருக்கிறது. அதில் வைக்க ஒரு ஸ்டாம்ப் இல்லை. எல்லாம் பசையில் பிடித்துக்கொண்டு கல்யாண ஆல்பத்தில் இருக்கின்றன, எடுக்கப் போனால் காண்டாமிருகத்துக்கு ஆனதுதான் ஆகும். சம்பந்தி அந்தப் பின்பாதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எந்த ஆபீஸ் என்று கண்டுபிடிக்கப் போகிறாராம். இரண்டு தடவை போன் செய்து பேசினார், இரண்டு தடவையும் சீலைப் பற்றித்தான்.

நேற்று கோயிலில் முதல் ஓலையைப் படித்தார்கள். பத்திரிகை அடித்து வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் எல்லாக் கடைக்கும் வைத்துவிட்டு, ஸ்டுடியோவுக்கு மட்டும் வைக்காமல் பின்பக்கச் சந்து வழியாக வந்துவிட்டேன். வைக்காமலும் இருக்க முடியாது, வெறும் கையோடு போய் வைக்கவும் முடியாது. கொடுத்தது இருநூற்றைம்பது போக, பாக்கி எண்ணூற்றைம்பது ரூபாய்.