அழாத புள்ளையும் நாலு வேளைப் பாசிச் சூப்பும்

எம் மக போரமுக்கு முப்பத்துநாலு வயசு. எங்க தீவுப் பள்ளிக்கூடத்துல நாப்பது புள்ளைகளுக்குச் சமைக்கிறவ. சோத்து அண்டாவத் தனியாத் தூக்கி இறக்குவா. சின்னதுலருந்தே என் படகுல கடல்பாசி வளக்குற கயித்த இழுத்துப் பழகுன கை. புயலுக்கே பயப்படாதவ, இந்த ஒரு வருசத்துல பயந்தது கொஞ்ச நஞ்சமில்ல.

அவளுக்கு முப்பது வயசுல தைராய்டு கூடிப்போச்சு. கண்ணு முன்னால தள்ளி, கை நடுங்கி, கரண்டி தட்டுல பட்டு டடடன்னு சத்தம் போடும். மாத்திரை போட்டு அடங்குச்சு. போன வருசம் வயித்துல புள்ள தங்குனதும், அந்த மாத்திரையக் கையில வச்சு உருட்டிக்கிட்டே இருந்தா.

“நான் முழுங்குறது வயித்துப் புள்ளைக்கும்தானப்பா போகுது,” ன்னா.

யாருகிட்டயும் சொல்லாம ஆறு நாள் மாத்திரைய நிறுத்திட்டா. ஏழாம் நாள் பள்ளிக்கூட அடுப்படியிலயே உக்காந்துட்டா. நெஞ்சு துடிக்கிறது சட்டைக்கு மேல தெரிஞ்சுதாம். மருமகன் தேஷிக் படகுல ஏத்தி அக்கரையில மோக்போ டவுன் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனான்.

டாக்டரம்மா கத்தல. மெதுவாத்தான் கேட்டாங்க.

“மாத்திரையால புள்ளைக்குக் கொஞ்சம் பாதிப்பு வரலாம், அதனாலதான் அளந்து குடுக்குறோம். நோவ அடக்காம விட்டா புள்ள வளராது, குறை மாசத்துல வந்துரும், தங்காமலும் போகலாம். இந்த ரெண்டுல எதுக்கும்மா பயப்படணும் நீ?”

அன்னையிலருந்து ஒரு வேளை தப்பாம முழுங்குனா. முழுங்கிட்டு வயித்தத் தடவி, “மன்னிச்சுக்கடா,” ன்னுவா.

நெறமாசத்துல ஆம்பளப் புள்ள. ரெண்டு கிலோ எழுநூறு. விரலெல்லாம் ரெண்டு தடவ எண்ணிப் பாத்தேன், இருந்துச்சு. புள்ள குதிகால்ல குத்தி பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துக்கிட்டு மூணாம் நாள் வீட்டுக்கு விட்டாங்க. தாயில்லாத பொண்ணு, என் வீட்டுக்குத்தான் வந்தா.

எங்கள்ல புள்ள பெத்தவளுக்கு பாசிச் சூப்புதான் மருந்து, ரத்தம் ஊறும், பால் ஊறும். நான் பாசி வளக்குறவன். பேரனுக்குன்னே முதல் அறுப்புல நீட்டமான பாசியா எடுத்து, மடிக்காம ஒடிக்காமக் காயப் போட்டு வச்சிருந்தேன். மடிச்சா பிரசவம் சிக்கலாகும்னு சொல்லுவாங்க. நாளைக்கு நாலு வேளை, வேளைக்கு ஒரு சட்டி.

“அப்பா, டாக்டரம்மா பாசியக் கம்மி பண்ணச் சொன்னாங்களே.”

“அது மாசமா இருந்தப்ப. இப்பத்தான் பெத்துட்டியே. குடி.”

“பள்ளிக்கூடத்துல புள்ளைகள மிரட்டி மிரட்டித் திங்க வச்ச பாவம்,” ன்னு சிரிச்சுக்கிட்டே குடிச்சா.

புள்ள அழவே இல்ல. பால் குடிச்சுக்கிட்டே தூங்கிருவான். பக்கத்து வீட்டு குவாக் சம்சாரம் எட்டிப் பாத்துட்டு, “பான்சோக் அண்ணே, உங்க வாய்க்கு ஒரு ரவுடில்ல வந்திருக்கணும்? இது சுந்துங்கி,” ன்னா. சுந்துங்கின்னா படுத்தாத, சாதுவான புள்ள. எங்கள்ல கைப்புள்ளையப் புகழ அதுக்கு மேல வார்த்தையில்ல. படகுத்துறை வரைக்கும் போயி அத்தன பேருகிட்டயும் சொல்லிட்டு வந்தேன்.

ஒம்பதாம் நாள் காலையில ஆசுபத்திரியிலருந்து போன் வந்துச்சு. தேஷிக் எடுத்தான். “மாமா, புள்ள ரத்தத்துல தைராய்டு ரொம்பக் கொறச்சலாம். இப்பவே வரணுமாம்.”

படகுல போறப்பதான் வெயில்ல வச்சு அவன நல்லாப் பாத்தேன். மொகம் மஞ்சளா இருந்துச்சு. காலு சில்லுன்னு இருந்துச்சு. உள்ளங்காலச் சுண்டுனேன். பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல், திரும்பத் தூங்கிட்டான். என் துண்ட எடுத்து அவன் காலச் சுத்துனேன்.

“இதப் போயி சாதுன்னு நெனச்சோமேப்பா,” ன்னா போரம்.

டாக்டரம்மா சொன்னாங்க, அவ தின்ன மாத்திரை புள்ளையோட தைராய்டையும் கொஞ்சம் தூங்க வச்சிருக்கு, அது எதிர்பாத்ததுதான், பொறந்தப்பறம் மருந்து உடம்ப விட்டுப் போகப் போக தானா முழிச்சுக்கும்னு.

“இவனுக்கு ஏன் முழிக்கல? அம்மா என்ன சாப்பிடுறாங்க?”

“பாசிச் சூப்பு. நாலு வேளை. நான் வளத்தது,” ன்னேன்.

எழுதிக்கிட்டிருந்த பேனாவக் கீழ வச்சாங்க. “ஐயா, பாசியில இருக்குற அயோடின் தாய்ப்பால்ல எறங்குது. கொஞ்சம் போனா நல்லது, இத்தன சட்டி போனா, எந்திரிக்கப் பாக்குற சுரப்பிய அமுக்கிப் போட்டுரும்.”

போரம் கேட்டா. “இதனால மூளைக்கு எதாச்சும் ஆயிருமா?”

“மாசக்கணக்கா விட்டாத்தான் மூளை வளராமப் போகும். நீங்க ஒம்பது நாள்ல வந்திருக்கீங்க.”

ஒண்ணும் ஆகாதுன்னு அந்தம்மா வாயிலருந்து வரும்னு காத்திருந்தேன். வரல.

பாசிச் சூப்ப அன்னையோட நிறுத்தச் சொல்லிட்டு, புள்ளைக்கே தைராய்டு கூட்டுற மாத்திரை குடுத்தாங்க, பொடிச்சு ரெண்டு சொட்டுப் பால்ல கலந்து. பத்து மாசம் மாத்திரைக்குப் பயந்தவ, இப்ப அவ கையாலயே அவன் வாயில வைக்கணும். கரண்டி உதட்டுக்கிட்ட போயி நின்னுபோச்சு. தேஷிக் அவ மணிக்கட்டத் தாங்கிப் புடிச்சான். உள்ள போச்சு.

இன்னைக்கு அவனுக்கு அம்பது நாள். முந்தாநாள் மூணாவது தடவ ரத்தம் எடுத்தாங்க. ஊசி பட்டதும் ஆசுபத்திரி வராண்டா பூரா கேக்குற மாதிரி கத்துனான், போரம் அழுதுக்கிட்டே சிரிச்சா. தைராய்டு சரியான அளவுக்கு வந்துருச்சாம். இன்னும் சில மாசம் மருந்து, அப்பறம் நிறுத்திப் பாக்கணுமாம்.

“நிறுத்துனதும் சுரப்பி தானா ஓடலேன்னா?” ன்னு கேட்டேன்.

“ஓடலேன்னா திரும்பக் குடுப்போம், ஐயா. வளந்துருவான்,” ன்னாங்க.

அந்த ‘வளந்துருவான்’ங்கிற வார்த்தைய இன்னொரு தடவ சொல்லச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் கெளம்புனேன்.