நின்றுகொண்டே வந்த அமெரிக்கா

இன்று காலை விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரும் பேருந்தில் எனக்கு ஜன்னலோர சீட்டு. பக்கத்தில் இரண்டு நண்பர்கள். தங்கள் தெருவில் நான்கு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று ஆரம்பித்தவர்கள், எந்த நாட்டு அரசியல்வாதியின் பேச்சு உசத்தி என்று நேராக லண்டனுக்குப் போய்விட்டார்கள்.

நடுவில் இருந்த கண்ணாடிக்காரர் பிரிட்டன் கட்சி. "அவன் பார்லிமெண்டுல ‘மாண்புமிகு நண்பரே’ன்னு கூப்ட்டுக்கினே மானத்த வாங்கிடுவான். அதான்யா பேச்சு."

ஓரத்தில் இருந்த மீசைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "அதுக்குப் பேரு மழுப்பல். அமெரிக்காக்காரனப் பாரு, மனசுல பட்டத மைக்குல சொல்லிட்டுப் போய்க்கினே இருப்பான். எதிர்ல எவன் இருந்தா என்னா?"

சுற்றியிருந்த நாலு சீட்டும் அமெரிக்காவுக்குத் தலையாட்டியது. நானும்தான்.

விக்கிரவாண்டியில் ஒரு கரைவேட்டி ஏறினார். இவர்களுடைய வார்டு கவுன்சிலராம். நான்கு நாள் தண்ணீருக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள், கைக்கெட்டும் தூரத்தில்!

மீசைக்காரர் விருட்டென்று எழுந்தார். இன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று நானும் நிமிர்ந்தேன்.

"வாங்கண்ணே, இப்படி உக்காருங்க. வெயில்ல வந்துக்கினு இருக்கீங்க. சாப்டீங்களா?"

கவுன்சிலர் உட்கார்ந்தார். கண்ணாடிக்காரர் ரொம்பப் பணிவாக அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, உங்க வீட்லயாவது தண்ணி ஒழுங்கா வருதுங்களா?"

கவுன்சிலர் அவசரமாகப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை.

திண்டிவனம் வரை அமெரிக்கா கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேதான் வந்தது.

நான் கட்சி மாறிவிட்டேன். நீங்கள் எந்தப் பக்கம்?