கலரியில் சிரித்தவர்கள்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இருட்டில் தனியே நின்று பயந்த கதை அல்ல இது. 1988 மார்கழியில், பட்டப்பகலில், முந்நூறு பேர் பார்த்திருக்க, கஸ்பருக்கு நடந்தது.

எட்மண்டன் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு வாடகைக்கு எடுத்த மண்டபம் ஒரு காலத்தில் மியூசிக் ஹாலாக இருந்தது. இங்கிலீஷ்காரத் தொழிலாளிகள் பீர்க் குவளையோடு உட்கார்ந்து பாட்டும் பகிடியும் பார்த்த இடம். மேடையேறியவனின் தலைவிதி மேல்மாடிக் கலரியில் இருந்தது. ஆக மலிந்த டிக்கெட் அங்கேதான். அவர்கள் சிரித்தால் அவன் பிழைத்தான். சிரிக்காவிட்டால் தோடம்பழத் தோல் பறந்து வரும். பிறகு அது சினிமாக் கொட்டகையாகி, பிங்கோ ஆடும் இடமாகி, கடைசியில் வாடகை மண்டபமானது.

கஸ்பர் தனிநடிப்பில் பெயர் எடுத்தவர். அன்று புறப்படும்போது மனைவி அருமைநாயகி அவர் கையைப் பிடித்தாள்.

“டொக்டரிட்டைப் போன பகிடி மட்டும் வேண்டாம். என்னோடை வேலை செய்யிற சனமும் வருது.”

“எனக்கென்ன விசரே? செய்யமாட்டன்.”

வயிற்றுவலியைச் சொல்ல இங்கிலீஷ் வராமல், டொக்டர் முன்னால் அவள் பட்ட பாடு அது. கஸ்பர் வீட்டில் நடித்துக் காட்டுவார். அவளும் சிரிப்பாள். பிறகு சத்தமில்லாமல் குசினிக்குள் போய்விடுவாள்.

பிற்பகல் இரண்டு இருபதுக்கு மேடை ஏறினார். முதல் பகிடி எடுபடவில்லை. இரண்டாவதும் இல்லை. முன்வரிசையில் பாதர் மணிக்கூட்டைப் பார்த்தார். கஸ்பர் அடுத்த பகிடியைத் தேடினார். தன்னை அறியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்... அருமைநாயகி பிடிப்பதுபோல.

மேலே யாரோ சிரித்தார்கள்.

கஸ்பர் நிமிர்ந்து பார்த்தார். கலரி இருட்டாக இருந்தது. இன்னும் கொஞ்சம் குனிந்தார். சிரிப்பு பெருகியது.

“டொக்டர்... மை... மை...”

டக்... டக்... டக்... மேலே பலகைத் தரையில் பூட்ஸ் கால்கள் அடிக்கும் சத்தம்.

அவள் குரலைச் செய்தார். அவள் நடையைச் செய்தார். அவள் அழுததையும் செய்தார்.

மறுபடியும் செய்தார்.

மறுபடியும்...

நிறுத்த முடியவில்லை.

கீழே அருமைநாயகி எழுந்து வெளியே போனாள். மேலே ஒரே கூச்சல். பாராட்டு என்று நினைத்து, கஸ்பர் கலரியை நோக்கித் தலைகுனிந்து வணங்கினார்.

திரைக்குப் பின்னால் விழா அமைப்பாளர் யாக்கோப்பு காத்து நின்றார்.

“என்ன அண்ணை இது? ஒருத்தரும் சிரிக்கேல்லை. சனம் தலையைக் குனிஞ்சுகொண்டெல்லே இருந்தது!”

“கலரி சிரிச்சுதே!”

“எந்தக் கலரி? அது உலக யுத்தத்திலை ஜேர்மன்காரன்ரை குண்டு விழுந்து எரிஞ்சுபோச்சு. மேலை நிக்கத் தரையே இல்லை அண்ணை. படியையும் கல்லு வைச்சு அடைச்சுப்போட்டாங்கள்.”

கஸ்பருக்கு முதலில் வந்தது பயமல்ல. வெட்கம். முந்நூறு பேர் வாயடைத்துப் பார்த்திருக்க, இல்லாத சனத்தின் சிரிப்புக்காக மனைவியை விற்றிருக்கிறார்.

அவள் பஸ் தரிப்பிடத்தில் நின்றாள். பொழுது மங்கத் தொடங்கியிருந்தது. அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

“நாயகி... என்னை மன்னிச்சுக்கொள்ளும்.”

ஒரு பஸ் வந்து போனது.

“நீங்கள் பகிடி பண்ணினது போகட்டும்,” என்றாள். “அந்த வெள்ளைக்காரருக்கு என்ரை பெயரை ஏன் சொல்லிக் குடுத்தனீங்கள்?”

“ஆருக்கு?”

“மேலை இருந்தவைக்குத்தான். நான் எழும்பிப் போகேக்கை எல்லாரும் ஒண்டாய் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவை...”

மேடையில் கஸ்பர் அந்தப் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை.